வடதுருவத்தில் என்ன கிழமை?

ஏப்ரல் 8, புதன்

டிக்கெட் வந்துவிட்டது. இருபத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை. மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து டொராண்டோ. நான் மட்டும், தனியாக.

அத்தை தூங்கிய பிறகு, துணி வெட்டும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பகலில் எழுத முடியாது. பகலில் நான் பயப்படாத பெண். தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். “காந்திமதி வளத்த பிள்ளையில்லா, ஏரோப்ளேனையே ஓட்டிட்டுப் போயிரும்.” நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கேயாவது சொல்லியாக வேண்டும் என்று இருந்தது. சொல்லிவிட்டேன்.

அம்மா டொராண்டோவில் ஒரு முதியோர் இல்லத்துக்கு நர்ஸாகப் போய் மூன்று வருடம் ஆகிறது. அப்பா போன வருடம் அங்கே போனார். எனக்கு விசா வரும்வரை கோவில்பட்டியில் காந்திமதி அத்தையோடு இருக்கச் சொன்னார்கள். அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அத்தைதான் ஜாக்கெட் தைக்கிறாள். மீதிப் பேர் வேறு எங்காவது தைத்துவிட்டு, பிரித்துச் சரிசெய்ய அத்தையிடம் கொண்டுவருகிறார்கள்.

நாள் குறித்ததும் அத்தைதான். நாள்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவோடு போனில் சண்டை போட்டாள்.

“வெள்ளிக்கெழமையா? மேக்க சூலம் நிக்குடா அன்னைக்கு. பிள்ளைய சூலத்துக்கு நேரா அனுப்புவியா?”

“அப்போ ஞாயிறு?”

“ஞாயிறும் மேக்கதான் நிக்கும். ஒனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையா? குளிர் மண்டையில ஏறிட்டா?”

அந்தந்தக் கிழமைக்கு ஒரு திசையில் சூலம் நிற்குமாம். அந்தப் பக்கம் கிளம்பினால் ஏதாவது கெட்டது நடக்குமாம். கனடா மேற்கே இருக்கிறது. அதனால் வெள்ளியும் ஞாயிறும் போயிற்று. செவ்வாயில் நல்ல காரியமே கூடாது. மற்ற நாட்களில் இடம் இல்லை. புதனுக்குச் சூலம் வடக்கு. நமக்கும் வடக்குக்கும் சம்பந்தமில்லை என்று புதன் முடிவாயிற்று.

டிக்கெட்டில், டெல்லியில் வியாழன் அதிகாலை இரண்டரை மணிக்குக் கிளம்பி, வியாழன் காலை ஏழு மணிக்கு டொராண்டோ என்று இருக்கிறது. “விடியுற வரைக்கும் புதன்தான்” என்று அத்தை அதையும் ஒதுக்கிவிட்டாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள்.

“ஏட்டி, நாலரை மணி நேரந்தானா? நம்ம மெட்ராஸ் போகவே ராத்திரி பூரா ஆகுது!”

அங்கே கடிகாரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, உண்மையில் பதினான்கு மணி நேரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். இன்று ராத்திரி நான்கு தோசை சாப்பிட்டாள். ஒரு வாரமாக ஒன்றோடு எழுந்துவிடுவாள். அதனால் நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

கடலில் விழுந்தாலும் விமானம் கொஞ்ச நேரம் மிதக்கும் என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். நான் கேட்கவே இல்லை. அவளாகச் சொன்னாள்.

ஏப்ரல் 13, திங்கள்

இன்று நடந்ததை யாரிடமும் சொல்ல முடியாது.

பரீட்சைக்குத் தூரம் அளப்பது வரும் என்று ரெஜினா டீச்சர் சொல்லியிருந்தார். உலக உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கு நடுவே நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த நூல் பூமத்திய ரேகையில் எத்தனை பங்கு என்று பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். விமானமும் கூடியமட்டும் அந்த நூல் மாதிரிதான் போகுமாம். நான் அத்தையின் பச்சை நூல்கண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது சென்னையில் ஒரு விரல், டொராண்டோவில் ஒரு விரல் வைத்து, அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே நூலைப் போட்டேன்.

இழுத்தேன். நூல் வழுக்கி மேலே ஏறியது.

திரும்ப மேற்கே கொண்டுவந்து வைத்தேன். இழுத்தேன். திரும்பவும் ஏறியது. மூன்றாம் தடவை அதன் போக்கில் விட்டுவிட்டேன். அது டெல்லிக்குப் பக்கமாக ஏறி, ரஷ்யாவைத் தாண்டி, உச்சியில் இருக்கும் வெள்ளைப் பனியின் ஓரமாகப் போய், கனடாவின் தலைப்பக்கத்தில் இறங்கியது. அளந்து பார்த்தேன். பூமியின் சுற்றளவில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. பதின்மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டர்.

தூரம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. திசைதான்.

கனடா மேற்கே இல்லை. சுவரில் மாட்டும் படத்தில்தான் மேற்கே இருக்கிறது. உண்மையில் நான் வடக்கே பார்த்துப் போகிறேன். புதன்கிழமை. சூலம் நிற்கும் திசைக்கு நேராக.

அத்தையிடம் சொன்னால் பயணம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் சூலத்தில் போய் மோதுவேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. அத்தை பருப்புப் பாயசம் வைத்தாள். போனில் அம்மாவுக்குக் காட்டினோம். அம்மா இப்போதெல்லாம் பேச்சுக்கு நடுவே “ஓகே, ஓகே” என்கிறாள். யாரோ டாக்டரிடம் பேசுவதுபோல இருக்கிறது.

போனில் அம்மா முகம் எப்போதும் ஒரே அளவில் தெரிகிறது. நேரில் எவ்வளவு உயரம் என்று யோசித்தேன். போகும்போது நான் அவள் தோளுக்குக் கீழே இருந்தேன். இப்போது நான் அத்தை அளவுக்கு வந்துவிட்டேன். அம்மா அத்தையைவிட உயரமா, குள்ளமா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அத்தையிடம் கேட்டேன். “இது என்ன கேள்வி?” என்றாள். ஆனால் அவளும் யோசிக்க ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 16, வியாழன்

இன்னும் மோசம்.

உச்சியைத் தாண்டியதும் விமானம் தெற்கே பார்த்து இறங்கும். அதற்குள் வியாழக்கிழமை ஆகிவிடும். நாள்காட்டித் தாளைப் பார்த்தேன். வியாழன், சூலம் தெற்கு. ஏறும்போது ஒரு சூலம், இறங்கும்போது ஒரு சூலம்!

பரிகாரமும் அதிலேயே போட்டிருக்கிறது. வடக்கே போக வேண்டியிருந்தால் பால் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தெற்கே என்றால் தைலம். ஆனால் அதெல்லாம் சாத்தூருக்கும் மதுரைக்கும் போகிறவர்களுக்காக எழுதியது. எனக்கு எத்தனை டம்ளர் வேண்டும்?

கடைசியாக ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. உச்சியில் கிழமை மாறாமல் இருந்தால் தெற்குச் சூலத்திலிருந்தாவது தப்பிக்கலாம். ரெஜினா டீச்சரிடம் போய், “வடதுருவத்துல என்ன கிழமை டீச்சர்?” என்று கேட்டேன். டீச்சர் விடைத்தாள் கட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“யாரு ஒன்னைய இதைக் கேக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல.”

உலகத்தின் நேரக்கோடுகள் எல்லாம் அங்கே ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றனவாம். அங்கே நிற்பவர் எந்தக் கிழமை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமாம். அதுவும் இந்த மாதங்களில் சூரியன் மறைவதே இல்லையாம். அத்தைக்கு விடிந்தால்தான் அடுத்த கிழமை. மறையாத சூரியன் எப்போது விடியும்? டீச்சர் எனக்கு ஒரு பேனா கொடுத்தார். நான் வீடு வரும்வரை அழாமல் வந்தேன்.

ஏப்ரல் 18, சனி

இரண்டு நாளாகப் பால் குடித்துப் பழகுகிறேன். எனக்குப் பால் பிடிக்காது.

“என்னட்டி, திடீர்னு கன்னுக்குட்டி ஆயிட்ட?” என்றாள் அத்தை.

“அங்க குளிரும்ல, அதான்.”

அத்தை இன்னொரு டம்ளர் ஊற்றினாள். எனக்காக ஐந்து சுடிதார் தைத்திருக்கிறாள். எல்லாவற்றிலும் உள்ளே இரண்டு விரல் துணி மடித்து விட்டிருக்கிறாள். “அங்க தையக்காரி கெடைக்காளோ என்னமோ. வளர வளர நீயே பிரிச்சு விட்டுக்கோ” என்று பிரிக்கும் விதத்தையும் காட்டிக்கொடுத்தாள். தையலைத் தன் பழக்கம்போல இறுக்கமாகப் போடவில்லை. இழுத்தால் வந்துவிடும்படி போட்டிருந்தாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

எல்லாம் தெரிந்துவிட்டது.

பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்தால் ரெஜினா டீச்சர் செருப்பு வாசலில் கிடக்கிறது. டீச்சரும் அத்தையிடம்தான் தைக்கிறார். எனக்கு அது மறந்தே போயிற்று. அத்தை வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு டீச்சரின் தோளில் துணியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காந்திமதிக்கா, ஒங்க செண்பா என்ன கேட்டா தெரியுமா? வடதுருவத்துல என்ன கிழமைன்னு! இத்தன வருசத்துல ஒரு பிள்ள கேட்டதில்ல.”

“ம்?” என்றாள் அத்தை, குண்டூசிகளுக்கு நடுவே.

“ஆமாக்கா. இவ போற ப்ளேன் அந்தப் பக்கமாத்தானே போகும்.”

அத்தை குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து, ஊசி குத்தும் குட்டித் தலையணையில் குத்தினாள். “கனடா மேக்கல்லா இருக்கு?”

“படத்துலதான் மேக்க. உருண்டையில வச்சுப் பாருங்க, நேரா வடக்கதான். பதினாலு மணி நேரமும் வடக்க ஏறி…”

“பதினாலா? நாலரைல்லா?”

நான் பக்கத்து அறைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். டீச்சர் சந்தோஷமாக எல்லாவற்றையும் விளக்கினார். மேசை மேல் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அதிலேயே காட்டினார். அத்தை “ஓஹோ”, “அப்பிடியா” என்று கேட்டுக்கொண்டாள். டீச்சர் போன பிறகு என்னை ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள். படுத்தாள்.

இப்போது எழுந்து அப்பாவோடு போனில் பேசுகிறாள். காது கேட்காத கிழவிபோல அத்தை எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். அப்பா குரல் மேசைக்கு அடியில் எனக்கு நன்றாகக் கேட்கிறது.

“அக்கா, ஒனக்கு மனசு ஒப்பலைன்னா விட்டுரு. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். ஒன்கிட்ட இருந்தா எங்களுக்கு என்ன கவலை? நீ சொல்லுததுதான்.”

 போனில் அம்மா என்னவோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

“யோசிச்சு சொல்லுதேன்” என்றாள் அத்தை.

போனை வைத்த பிறகும் மிஷின் ஓடும் சத்தம் வருகிறது. இந்த நேரத்தில் அத்தை தைக்கவே மாட்டாள். நான் அம்மாவைப் பார்க்க வேண்டும். இதை மட்டும் இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். நான் அம்மாவைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 22, புதன்

காலையில் எழுந்தபோது அத்தை குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, நாள்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி, இங்க வா. நீ பரஸ்தானம் இருக்கப் போற.”

எனக்குப் புரியவில்லை. அந்தக் காலத்தில் நல்ல நாளும் பயணநாளும் ஒத்துவராவிட்டால், ஒரு நல்ல நாளில் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பி, பக்கத்தில் வேறு வீட்டில் போய்த் தங்குவார்களாம். கிளம்பிய நாள்தான் கணக்கு.

“வார திங்கக்கெழம கெழக்கதான் சூலம். வடக்க வழி சுத்தம். ராகு காலம் முடிஞ்சு ஒம்பதே காலுக்கு வடக்க பாத்து எறங்குத. மூணு வீடு தள்ளி ஜைத்தூன் வீட்டுல தங்குத. புதன்கெழம நீ கெளம்பவா போற? ஏற்கெனவே போய்க்கிட்டுல்லா இருக்க!”

“பால் குடிச்சா போதாதா அத்தை?”

“பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு டம்ளர் பால் காணுமாட்டி?”

“அப்போ தெக்குச் சூலம்?”

“அதையும் கண்டுபிடிச்சு வச்சிருக்கியா, மூதி?” அத்தை முதல்முறையாகச் சிரித்தாள். “வியாழக்கெழம நீ போய்ச் சேருத. அதுக்குத் தலையில நல்லெண்ணெய அப்பி விட்டாச் சரியாப் போச்சு. ஒரே ஒரு விசயம். எறங்கிட்டேன்னா எறங்குனதுதான். எதையும் மறந்து வச்சிட்டேன்னு இந்த வாசப்படி ஏறக்கூடாது.”

 அத்தையைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். “விடுட்டி, விடுட்டி, இடுப்பு பிடிச்சிரும்!” என்று கத்தினாள்.

நேற்று ராத்திரி தைத்த ஜாக்கெட்டை மத்தியானம் பார்த்தேன். கல்யாணப்பெண்ணின் ஜாக்கெட். இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்திருந்தாள்.

ஏப்ரல் 25, சனி

அத்தைக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது. நான்தான் கோத்துக் கொடுப்பேன். அதனால் இரண்டு நாளாக, அவள் தூங்கிய பிறகு, வீட்டில் உள்ள கையூசிகளை எல்லாம் எடுத்து நூல் கோத்துத் தலையணையில் குத்தி வைத்தேன். முள்ளம்பன்றிபோல இருந்தது. இன்று காலையில் அத்தை பார்த்துவிட்டாள்.

“அத்தனையும் பச்சையா கோத்து வச்சிருக்க? கோவில்பட்டி பூரா பச்ச ஜாக்கெட்டா போட்டுக்கிட்டுத் திரியட்டுமா?”

இருட்டில் எனக்குக் கையில் கிடைத்தது அந்தக் கண்டுதான். அத்தை சிரித்தாள், நானும் சிரித்தேன், இரண்டு பேருக்கும் நிறுத்தவே முடியவில்லை. இன்று ராத்திரி வேறு வேறு நிறத்தில் கோக்கிறேன்.

ஏப்ரல் 27, திங்கள்

பயணம் தொடங்கிவிட்டது. ஜைத்தூன் அக்கா வீட்டு உள்ளறையிலிருந்து எழுதுகிறேன்.

சரியாக ஒன்பதே காலுக்குப் பெரிய பெட்டி, சின்னப் பெட்டி, கழுத்தில் பாஸ்போர்ட் பையோடு வாசலில் இறங்கினேன். தெருவே வந்து நின்றது. வழியனுப்ப வந்தவர்கள் அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நின்றார்கள். ஏனென்றால் நான் போகிற இடம் அங்கிருந்தே தெரிந்தது. ஜைத்தூன் அக்கா காலையில் இடியாப்பம் விற்றுவிட்டு, ஈரக்கையோடு தன் வாசலில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க, வாங்க! கனடா ஒங்களை அன்போடு வரவேற்குது! விசா எங்கட்டி?”

“ஜைத்தூனு, வெளையாடாத” என்றாள் அத்தை.

“நீ என்னத்துக்கு உள்ள வார? ஒனக்கு விசா கெடையாது.”

அத்தை உண்மையாகவே படிக்குக் கீழே நின்றுவிட்டாள். பிறகு நாள் முழுக்க அந்தப் படிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடந்தாள். முதலில் என் சீப்பு. பிறகு கடலைமிட்டாய்ப் பொட்டலம். பிறகு பெட்டிப் பூட்டுக்கு இன்னொரு சாவி. மதியம் கத்தரிக்காய்க் குழம்பு. “இங்க சோறு பொங்கலையா? பிள்ளைய பட்டினியா போட்டுருவேனா?” என்று ஜைத்தூன் அக்கா சண்டைக்கு வந்தார். “வெளிநாட்டுச் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்காது” என்றாள் அத்தை. ஜைத்தூன் அக்கா சிரித்துப் புரையேறி, நான் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

ராத்திரி விளக்கணைத்த பிறகு கதவு தட்டும் சத்தம். அத்தை, கையில் பாயும் தலையணையும்.

“வீட்டுல ஃபேன் ஓடல” என்றாள்.

இந்த அறை ஜன்னல் வழியாக எங்கள் வீட்டு ஜன்னல் தெரிகிறது. விளக்கு வெளிச்சத்தில் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜைத்தூன் அக்காவும் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். “கரண்ட் கம்பெனிக்காரனுவ சரியில்ல” என்று சொல்லிப் பாயை வாங்கி என் பக்கத்தில் விரித்தார்.

இப்போது அத்தை என் பக்கத்தில் படுத்திருக்கிறாள். தூங்குகிறாளா என்று தெரியவில்லை. இந்தப் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்றும் ஃபேன் ஓடவில்லை. மின்விசிறிக்காரரைக் கூப்பிடலாமே என்றேன். “நாளைக்குப் பாப்போம்” என்றாள் அத்தை.

அம்மா மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றாம் தடவை சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். “என்னம்மா?” என்றேன். “ஒண்ணுமில்ல, ஓகே” என்றாள்.

ஏப்ரல் 29, புதன்

மதுரை விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதல்முறையாகப் பகலில். விமான நிறுவனத்து அக்கா ஒருவர் என் கழுத்தில் அட்டை மாட்டி, பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்க்கிறார். தனியாக வருகிற பிள்ளைகளை ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றிவிடுவார்களாம்.

காலையில் ஒரு டம்ளர் பால். “காணாதுன்னாலும் ஒரு இதுக்கு” என்றாள் அத்தை. பிறகு தலையில் எண்ணெய். நெற்றியில் வழிந்து காதுக்குப் பின்னால் இறங்கியது.

கார் வந்ததும் ஒரு சிக்கல். நெடுஞ்சாலைக்குப் போகிற வழி எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. தெற்கே.

“திருப்பாதீங்க! வந்த வழியே பிள்ள திரும்பக்கூடாது” என்று அத்தை காருக்கு முன்னால் நின்றாள்.

“பின்ன எப்படிம்மா போறது? வடக்க முட்டுச்சந்து!”

“முட்டுச்சந்து இல்ல. பள்ளிவாசல் பின்னாடி ஒரு பாதை இருக்கு.”

“அது மாட்டு வண்டிப் பாதைம்மா!”

அந்தப் பாதையில்தான் வந்தோம். கார் இரண்டு இடத்தில் உரசியது. டிரைவர் சாத்தூர் வரைக்கும் பேசவில்லை. அத்தையும் நானும் பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

இங்கே கண்ணாடிக் கதவோடு அத்தையை நிறுத்திவிட்டார்கள். அத்தை என் துப்பட்டாவைச் சரிசெய்தாள். திரும்பவும் சரிசெய்தாள். “உள்தையல் ரெண்டு விரல் இருக்கு, ஞாபகம் இருக்குல்லா?” என்றாள். “இருக்கு.” “போ. திரும்பிப் பாக்காம போ. பயணத்துல திரும்பிப் பாக்கக்கூடாது.”

நான் பார்க்கவில்லை. எதிரே இருந்த கண்ணாடியில் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் தெரிந்தார்கள். அது திரும்பிப் பார்த்ததாக ஆகாது.

தேதி தெரியவில்லை, கிழமையும்

விமானம் பத்தாயிரம் மீட்டருக்கு மேலே பறக்கிறது என்று முன்னால் உள்ள திரை சொல்கிறது. எனக்குப் பக்கத்தில் இருப்பவர் ஏறியதிலிருந்து தூங்குகிறார். எல்லா ஜன்னலையும் மூடிவிட்டார்கள். நான் ஒரு விரல் அளவுக்குத் திறந்து பார்த்தேன். வெயில்! கீழே வெள்ளை, முழுக்க வெள்ளை, அதில் நீலமாகக் கோடு கோடாக விரிசல். திரையில் எங்கள் விமானம் உருண்டையின் உச்சிக்குப் பக்கத்தில், பச்சை நூல் போன இடத்திலேயே போகிறது.

தண்ணீர் கொண்டுவந்த அக்காவிடம் இன்று என்ன கிழமை என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். “எந்த ஊரில்?” என்றார்.

“இங்கே.”

அவர் சிரித்துவிட்டு எனக்கு இன்னொரு பழரசம் கொடுத்துவிட்டுப் போனார்.

உச்சியில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்குதான் என்று டீச்சர் சொன்னார். கிழக்கு, மேற்கு, வடக்கு எதுவுமே கிடையாது. சூலம் பாவம், இங்கே எங்கே போய் நிற்கும்?

ஒருமுறை நன்றாகக் குலுங்கியது. பள்ளிவாசல் பின்னாலுள்ள பாதை இதைவிட மோசம். மீதி நான்காயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று திரையில் வந்தபோதுதான், வெகுநேரமாக நான் பயப்படவே இல்லை என்று கவனித்தேன்.

ஏப்ரல் 30, வியாழன். டொராண்டோ

இங்கே ராத்திரி. எனக்கு ஒரு அறை இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் கட்டிலுக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், பழக்கம்.

நீளமான வழி. இன்னொரு விமான நிறுவனத்து அக்கா. பெட்டிகள் சுற்றி வந்தன. கதவு தானாகத் திறந்தது. அப்பாவை உடனே தெரிந்துவிட்டது. பக்கத்தில் நீலக் கோட்டுப் போட்டு ஒருவர் நின்றார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். பெட்டியை இன்னொருவர் இடித்துக்கொண்டு போனார்.

நீலக் கோட்டு ஓடி வந்து என் தலையைப் பிடித்துத் தன் மேல் சாய்த்தது. உடனே விலகித் தன் கையைப் பார்த்தது.

“என்னட்டி இது, தலை பூரா எண்ணெய்? குளிக்காமலா வந்த? புதுக் கோட்டுட்டி இது!”

அம்மா! அம்மாவேதான். நான் அவளைவிட ஒரு விரல் உயரம். அதே கோட்டின் மேல் திரும்பவும் என்னை இழுத்துக்கொண்டு, அந்த எண்ணெய்த் தலையில் மூக்கை வைத்து, எடுக்கவே இல்லை. அப்பா பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு, “போவமா? வண்டி நிறுத்துன எடத்துல திட்டுவான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் போகவில்லை.

காரில் ஏறியதும் அத்தையைப் படத்தோடு கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம் ஆறு மணி. அத்தை முகம் வந்தது. பின்னால் பச்சைச் சுவர். ஜைத்தூன் அக்கா வீட்டுச் சுவர்.

“அத்தை, எங்க இருக்கீங்க?”

“இங்ஙனதான்.”

ஜைத்தூன் அக்கா தலையை உள்ளே நீட்டினார். “நேத்து மதுரையிலேர்ந்து வந்தவ நேரா இங்க வந்து படுத்துட்டாட்டி. ரெண்டு நேரம் இங்கதான் சாப்பாடு. சொந்த வீடு மூணு வீடு தள்ளி இருக்கு, போக மாட்டேங்கா. கேட்டா ஃபேனுங்கா.”

“ஃபேன் இல்ல” என்றாள் அத்தை. “பிள்ள வழியில இருக்கும்போது நான் எப்படி வீட்டுக்குப் போக? ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே கெளம்புனோம்.”

 அம்மா என் கையிலிருந்த போனுக்குள் எட்டிப் பார்த்து, “வந்துட்டா மைனி. பத்திரமா வந்துட்டா” என்றாள்.

“கையப் பிடிச்சிருக்கியா? காட்டு.”

அம்மா எங்கள் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். அத்தை போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நன்றாகப் பார்த்தாள். பிறகு போனை வைக்காமலேயே எழுந்தாள். பாயைச் சுருட்டும் சத்தம். “வாரேன் ஜைத்தூனு.” “போயிட்டு வா, ராத்திரி சோத்துக்கு வந்துரு.” படம் ஆடியது. அத்தையின் கால், தெரு மண், யாரோ ஒருவர் சைக்கிள், கொஞ்சம் வானம். அத்தை தெற்கே பார்த்து நடக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை. நான் சொல்லவில்லை.

“அத்தை, கேக்குதா?”

“கேக்குட்டி, இரு.”

சாவியைத் தேடினாள். பூட்டு திறந்தது. கதவு முனகியது.

“சரிட்டி,” என்றாள் அத்தை. “நானும் வந்து சேந்துட்டேன்.”